மாறிலியும் கோவையும்: ஒரு தடைவிதியின் வரலாறு

கணனி மொழிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிய மொழிகளின் தோற்றத்தையும் அவற்றை ஆக்கியோரின் பெயர்களையுமே வரலாறு எனக் கொள்வர். ஒரு மொழி எவற்றுக்கு இடமளித்தது என்பது விரிவாகப் பேசப்படும். எவற்றை அது தடுத்தது, அத்தடை ஏன் எழுந்தது, எக்காலத்தில் யாரால் தளர்த்தப்பட்டது என்பன அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடும். ஆயின், ஒரு நாட்டின் சட்டத்தை அறிய விரும்பும் ஒருவர் அது வழங்கும் உரிமைகளோடு அது விதிக்கும் விலக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டியவராகிறார். மொழிகளின் நிலையும் அதுவே.

இணையப்பக்கங்களை ஆக்குவதற்குப் பரவலாகப் பயன்படும் பி.எச்.பி. என்னும் மொழியில் 2004ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை ஒரு விதி நிலவியது. ஒரு வகுப்பினுள் 'ஒரு நாளின் வினாடிகள்' என்னும் பெயரில் மாறிலியொன்றை அறிவிக்கும் செய்நிரலாளர் அதன் பெறுமானத்தை 86400 என எழுதலாம். 24 × 60 × 60 என எழுதலாகாது. எழுதின், அச்செய்நிரல் முழுவதுமே ஏற்கப்படாது திருப்பி அனுப்பப்படும். இரண்டும் ஒன்றே என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவரும் அறிவர். பெருக்கலையே தொழிலாகக் கொண்ட ஓர் இயந்திரத்திற்கான மொழி, பெருக்கலை இந்த ஓரிடத்தில் மட்டும் மறுத்தமை வியப்பை ஊட்டுவதாகும். இந்த மறுப்புக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு.

கலைப்பீடத்து வாசகர் பொருட்டுச் சில சொற்களை முதலில் விளக்குதல் தகும். செய்நிரலொன்றில் பெயரிட்டு வைக்கப்படும் பெறுமானங்கள் இருவகையின. செய்நிரல் இயங்குங்கால் மாறக்கூடியது மாறி. ஒருமுறை தரப்பட்டபின் மாற்றமுடியாதது மாறிலி. எண்களையும் பெயர்களையும் கூட்டல், பெருக்கல் முதலிய குறிகளால் இணைத்து எழுதுவது கோவை. பாடசாலைக் கணிதத்தில் அட்சரகணிதக் கோவை என வழங்குவதும் இதுவே. வகுப்பு என்பது ஒரேவகைப் பொருள்களின் இயல்புகளையும் தொழில்களையும் ஒருங்கே வரையறுக்கும் வார்ப்பு. அவ்வார்ப்புக்கே உரியதாக அதனுள் வைக்கப்படும் மாறிலி வகுப்பு மாறிலி எனப்படும். மனிதர் எழுதிய செய்நிரலை இயந்திரம் நிறைவேற்றத்தக்க கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பான். ஆகவே எந்தச் செய்நிரலுக்கும் இரு காலங்கள் உண்டு: அது வாசித்துத் தொகுக்கப்படும் காலம் ஒன்று, அது இயங்கும் காலம் மற்றொன்று.

மாறிலி பற்றிய எல்லாத் தகராறுகளும் இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட எல்லையிலேயே எழுந்தவை. பஞ்சாங்கம் கணிப்போர் அடுத்த ஆண்டின் கிரகணத்தை இந்த ஆண்டே நாழிகை பிசகாது எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடுவர். அடுத்த ஆண்டு அந்நாளில் சந்தையில் நெல் என்ன விலை விற்கும் என்பதை எழுத அவர்களால் இயலாது. அந்நாள் வந்து, சந்தைக்குப் போனாலன்றி அதை அறிய வழியில்லை. முன்னது கணித்தறிவது, பின்னது நிகழ்ந்தபின் அறிவது. மாறிலியின் வலப்புறத்தில் கணித்தறிவதை மட்டும் அனுமதிப்பதா, நிகழ்ந்தபின் அறிவதற்கும் இடங்கொடுப்பதா, அன்றேல் கணிப்பும் வேண்டாம், கணித்து முடித்த விடையை மட்டுமே எழுதுக எனக் கட்டளையிடுவதா? ஒவ்வொரு மொழியும் இவ்வினாவுக்குத் தனக்கேயுரிய விடையைத் தந்தது.

முதற்கண் போர்ட்ரானை நோக்கலாம். ஜோன் பக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி 1957இல் வெளிவந்த இம்மொழியின் தொடக்ககாலப் பதிப்புகளில் பெயரிடப்பட்ட மாறிலி என்பதே இருக்கவில்லை. எண்ணை எழுத வேண்டிய இடத்தில் எண்ணையே எழுதினர். எண்ணாயினும் மாறாதிருந்ததா எனின், அதுவும் எப்போதும் இல்லை. துணைநிரலொன்றுக்கு 2 என்னும் எண்ணை நேரே அனுப்பி, அத்துணைநிரல் தான் பெற்ற இடத்தில் வேறோர் எண்ணை எழுதிவிடின், சில தொகுப்பான்களில் அதன்பின் செய்நிரல் முழுவதிலும் 2 என்பதன் பெறுமானம் 2ஆக இராது. எண்களையே நம்பமுடியாதுபோன இந்த விசித்திரம் பழைய செய்நிரலாளரிடையே நெடுங்காலம் கதையாக வழங்கிற்று. மாறிலி என்ற எண்ணக்கரு வெறும் எழுத்து வசதிக்காக எழுந்ததன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

1978இல் நியமமாக வெளியான போர்ட்ரான் 77 பெயரிடப்பட்ட மாறிலிகளை ஏற்றுக்கொண்டது. கோவைகளையும் ஏற்றது, ஆயின் இரு விலக்குகளுடன். அடுக்கேற்றும்போது அடுக்கு நிறைவெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்று. சார்புகளை அழைத்தல் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டாம் விலக்கினால் பெரிதும் இடர்ப்பட்டோர் விஞ்ஞானிகள். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமாகிய பை என்னும் எண்ணை இலக்கம் இலக்கமாக எழுதாது, 1இன் நேர்மாறுத் தான்சனை நான்கால் பெருக்கிப் பெறுவது அவர்களது வழக்கம். இயந்திரத்தின் முழு நுணுக்கத்திற்கும் பிழையின்றிக் கிடைக்கும் என்பதே காரணம். மாறிலி அறிவிப்பில் அவ்வாறு எழுத முடியவில்லை. இதன் பின்னணியில் ஒரு நடைமுறை நியாயம் இருந்தது. செய்நிரலைத் தொகுக்கும் இயந்திரமும் அதை இயக்கும் இயந்திரமும் வெவ்வேறாக இருத்தல் கூடும். தசம எண்களின் கணிப்புமுறைக்குப் பொது நியமம் 1985ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அதற்குமுன் ஒவ்வோர் இயந்திரமும் தனக்கேற்பக் கணித்தது. ஓர் இயந்திரத்தின் தான்சன் மற்றோர் இயந்திரத்தின் தான்சனோடு கடைசி இலக்கம் வரை ஒத்திருக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தரமுடியாதிருந்தது. அக்காரணம் மெல்ல வலுவிழந்த பின்னரும் விதி மட்டும் நிலைத்தது. மாறிலி அறிவிப்பில் நேர்மாறுத் தான்சனை அழைக்கும் உரிமை போர்ட்ரான் 2003 என்னும் நியமத்துடனேயே கிட்டியது. காரணம் மறைந்தபின்னும் வழக்கு நீடிப்பது சமூக நிறுவனங்களுக்கு மட்டும் உரிய இயல்பன்று போலும்.

சூரிச் நகரின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் நிக்லவுஸ் வேர்த் ஆக்கி 1970இல் வெளியிட்ட பஸ்கால் மொழி இன்னும் கண்டிப்பானது. மாறிலிகளுக்கெனச் செய்நிரலின் தலைப்பகுதியில் தனியோர் இடத்தையே அது ஒதுக்கிற்று. ஆயின் அவ்விடத்தில் எழுதத்தக்கவை எண், எழுத்துச்சரம், முன்னர் அறிவித்த மாறிலியின் பெயர், எண்ணுக்கோ பெயருக்கோ முன் வரும் கூட்டல் அல்லது கழித்தற் குறி ஆகியன மாத்திரமே. அட்டவணையொன்றின் அளவு 100 என அறிவித்தபின், அதன் கடைசி இடத்தை 'அளவு − 1' எனக் குறிக்க முடியாது. 99 என வேறாக எழுத வேண்டும். பின்னொருநாள் அளவை 200 ஆக்குவோர் 99ஐயும் நினைவில் வைத்து மாற்றியாக வேண்டும். மாறிலிக்குப் பெயர் சூட்டுவதன் நோக்கமே ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறுதல் வேண்டும் என்பது. அந்நோக்கத்தைப் பஸ்கால் பாதிவழியிலே கைவிட்டதெனலாம். எளிமையே வேர்த்தின் தாரக மந்திரம்; மாணவர் கற்பதற்கும், தொகுப்பான் செய்நிரலை ஒரே ஓட்டத்தில் வாசித்து முடிப்பதற்கும் ஏற்ற மொழியையே அவர் நாடினார். எனினும் தாம் பின்னர் ஆக்கிய மொடியூலா-2இல் மாறிலிக் கோவைகளுக்கு அவரே இடமளித்தார் என்பது கவனிக்கத்தக்கது. தம் விதியின் குறையை ஆசிரியரே உணர்ந்து திருத்தியமைக்கு இது ஒரு சான்றாகும்.

வகுப்பு என்னும் எண்ணக்கரு நோர்வேயில் ஒலே-யொஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவர் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலிருந்து கிளைத்தது. அதன் வழிவந்த சி++ மொழியில் மாறிலியை வகுப்பினுள் எங்ஙனம் வைப்பது என்பது நெடுநாட் சிக்கலாயிருந்தது. மாறிலியை வகுப்பினுள் அறிவிக்கலாம். பெறுமானத்தை அங்கேயே தரலாகாது. இதனால், நிறைவெண்களுக்குப் பெயரிடுவதற்கென மொழியில் இருந்த எண்ணீட்டு வகையைத் தொடர்பற்ற இடத்திலே புகுத்தி, மாறிலியாகப் பயன்படுத்தும் தந்திரம் எங்கும் பரவிற்று. 1998இன் நியமம் நிறைவெண் மாறிலிகளுக்கு வகுப்பினுள்ளேயே பெறுமானம் தர இசைந்தது. தசம எண்களுக்கு இசையவில்லை. பை என்னும் அவ்வெண் இங்கும் வாசலிலே நிறுத்தப்பட்டது. ஜாவா வேறு திசையிற் சென்றது. வகுப்பு மாறிலிக்கு எக்கோவையையும் எச்சார்பையும் எழுதலாம் என்றது. ஆயின், முன்கூட்டிக் கணிக்கத்தக்கவற்றைத் தொகுப்பான் தானே கணித்து, அம்மாறிலியைப் பயன்படுத்தும் ஏனைய வகுப்புகளுள் விடையைப் பதித்துவிடும். பின்னர் மூல வகுப்பை மட்டும் திருத்தித் தொகுத்தால், மற்றவை பழைய எண்ணையே பற்றிக்கொண்டிருக்கும். தாராளத்துக்கும் ஒரு விலை இருந்தது என்பதை இங்குக் குறித்து அப்பாற் செல்லலாம்.

பி.எச்.பி. மொழி தோன்றிய சூழல் இவற்றினின்றும் முற்றிலும் வேறானது. ரஸ்மஸ் லேர்டோர்ஃப் 1994இல் தமது சொந்த இணையப்பக்கத்தின் தேவைக்கெனச் செய்துகொண்ட சில கருவிகளே இதன் வித்து. 1995இல் அவற்றை அவர் பொதுமக்களுக்கு வழங்கினார். இஸ்ரேலின் டெக்னியன் உயர்கல்வி நிறுவனத்தில் மாணவராயிருந்த அன்டி குட்மன்ஸ், சேவ் சுரஸ்கி ஆகிய இருவரும் அதனை அடியிலிருந்து மாற்றி எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. மாணவர் இருவர் கைபட்ட மொழி என்பது பல்கலைக்கழக வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி. அவர்கள் தம் தாய்மொழியின் சுவடொன்றையும் அதனுள் விட்டுச்சென்றனர். வகுப்பின் பெயரையும் அதன் மாறிலியின் பெயரையும் இணைக்க இம்மொழியில் இரட்டை முக்காற்புள்ளி இடப்படும். அக்குறிக்கு அவர்கள் சூட்டிய உட்பெயர் 'பாமாயிம் நெக்குடோத்தாயிம்' என்னும் எபிரேயத் தொடர். 'இருமுறை முக்காற்புள்ளி' என்பது பொருள். அக்குறியைப் பிழையாக இட்ட உலகெங்குமுள்ள செய்நிரலாளர், பொருள் விளங்காத இச்சொல்லை வழுச் செய்தியிற் கண்டு பல்லாண்டு திகைத்தனர். ஆங்கிலமே ஆட்சிசெய்யும் துறையில் சிறியதொரு மொழிக் குறும்பு எனலாம்.

நான்காம் பதிப்பு வரை இம்மொழியில் வகுப்பு மாறிலிகள் இருக்கவில்லை. இயங்குங்காலத்தில் அழைக்கப்படும் ஒரு சார்பின் மூலமே மாறிலிகள் ஆக்கப்பட்டன. அது சார்பாதலின் எக்கோவையையும் ஏற்றது. 24 × 60 × 60 என்பதற்கு அங்கு எத்தடையும் இல்லை. ஆயின் அவ்வாறு பிறந்த மாறிலிகள் எவ்வகுப்புக்கும் உரியனவாகாமல் செய்நிரல் முழுவதற்கும் பொதுவாயின. இருவர் ஒரே பெயரைச் சூட்டினால் மோதல் எழும். 2004 ஜூலை 13இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இக்குறையைப் போக்க வகுப்பு மாறிலிகளை அறிமுகம் செய்தது. அத்துடன் முற்கூறிய தடைவிதியும் பிறந்தது. எண், எழுத்துச்சரம், பிறிதொரு மாறிலியின் பெயர், எண்ணுக்குமுன் கூட்டல் அல்லது கழித்தற் குறி: இவ்வளவே அனுமதி. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சூரிச்சில் வரையப்பட்ட பட்டியலும் இதுவும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் காண்க. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதென்று கொள்ள வேண்டியதில்லை. ஒத்த நிலைமைகள் ஒத்த விதிகளை ஈன்றன எனக் கொள்வதே பொருந்தும்.

அந்நிலைமை யாது? அக்காலத்துப் பி.எச்.பி. தொகுப்பான் செய்நிரலை வாசிக்கும்போதே, வாக்கியந்தோறும் இயங்குகட்டளைகளை உடனுக்குடன் எழுதிச் செல்வதாக அமைந்திருந்தது. கோவையொன்றைக் கண்டால் அதைக் கட்டளைகளாக்கி இயங்கவிடுவதன்றி, பிடித்துவைத்துப் பிறகு ஆராயும் வசதி அதற்கில்லை. வகுப்பின் அறிவிப்போ இயங்கும் பகுதியன்று. அங்கே கட்டளைகள் ஓட இடமேயில்லை. ஆகவே, கட்டளை எதையும் ஓட்டாமல் அப்படியே எடுத்துவைக்கத்தக்கவை மட்டுமே அவ்விடத்துக்கு ஏற்றனவாயின. விதி மொழியின் தொடரியலிலேயே எழுதப்பட்டிருந்தது. எனவேதான் பெருக்கற்குறி இட்ட செய்நிரலாளருக்கு 'இங்குக் கணித்தல் ஆகாது' என்னும் விளக்கம் கிடைக்கவில்லை. எதிர்பாராத இடத்தில் ஒரு குறி வந்துள்ளது என்னும் தொடரியல் வழுவே கிடைத்தது. தான் செய்த குற்றம் யாதென்பதை அறியாது தண்டனை பெற்றவரின் நிலை அது.

இத்தடையின் விளைவுகள் சிறியவை போலத் தோன்றினும் ஒன்றுசேர்ந்து பெருகின. செய்நிரலாளர் கையாற் கணித்து 86400 என எழுதி, அருகே குறிப்புரையாக 24 × 60 × 60 என்பதையும் எழுதிவைத்தனர். குறிப்புரையை இயந்திரம் வாசிப்பதில்லை; எண்ணும் குறிப்பும் முரண்படின் அதைச் சொல்வார் எவருமிலர். வாசிக்கும் உரிமைக்கு 1, எழுதும் உரிமைக்கு 2 என இரும எண்ணின் இடங்களைக் கொண்டு அனுமதிகளைக் குறிப்பது நெடுநாளைய வழக்கு. இரண்டையும் சேர்த்த முழு உரிமை '1உம் 2உம் இணைந்தது' என எழுதப்பட்டிருப்பின் வாசிப்போர்க்கு உடனே விளங்கும். 3 என எழுத நேர்ந்தமையால், அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதை வாசிப்போர் ஊகிக்க வேண்டியவராயினர். உரிமைகள் பத்து, பன்னிரண்டு எனப் பெருகியபோது அந்த எண் ஆயிரங்களைத் தொட்டது, ஊகமும் கைவிட்டது.

அணிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வரிசையாய் அடுக்கிய பெறுமானங்களாகிய அணியை வகுப்பு மாறிலியாக வைக்க முடியாது. ஆகவே கிழமைநாட்களின் பெயர்களையோ அனுமதிக்கப்பட்ட கோப்புவகைகளையோ மாறாப் பட்டியலாக வைக்க விரும்பியோர், அவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே எழுத்துச்சரமாகக் கோத்து மாறிலியாக்கினர். வேண்டும்போதெல்லாம் அதைப் பிரித்தெடுத்தனர். வேறு சிலர் மாறிலியையே கைவிட்டு, வகுப்புக்குரிய மாறியொன்றில் அணியை வைத்தனர். மாறி மாறக்கூடியது, செய்நிரலின் எம்மூலையிலிருந்தேனும் எவரேனும் அதைத் திருத்திவிடலாம். இங்குதான் இவ்விதியின் உள்முரண் வெளிப்படுகிறது. மாறிலியின் தூய்மையைக் காப்பதற்கென்று தோன்றிய வேலி, மாறிலியாக இருந்திருக்க வேண்டியவற்றை மாறிகளின் கூட்டத்துக்குள் துரத்திற்று. கடுமை தன் நோக்கத்தையே தோற்கடித்தது.

இன்னொரு முரணும் உண்டு. அது இதனிலும் ஆழமானது. பிறிதொரு மாறிலியின் பெயரை எழுதலாம் என விதி அனுமதித்ததை மேலே கண்டோம். அந்தப் பிறிதொரு மாறிலி, பழைய முறைப்படி இயங்குங்காலத்தில் சார்பின் மூலம் ஆக்கப்பட்டதாயும் இருக்கலாம். செய்நிரல் தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து அதை ஒரு பொது மாறிலியாக்கிப் பின் வகுப்பு மாறிலிக்கு அப்பெயரைத் தரின், தொடரியல் அதை மறுப்பின்றி ஏற்றது. அதாவது, எந்நாளும் எவ்விடத்தும் 86400ஆகவே இருக்கும் பெருக்கம் விலக்கப்பட்டது. ஒவ்வொரு முறை இயங்கும்போதும் வேறுபடும் கடிகார நேரம் அனுமதிக்கப்பட்டது. கிரகணத்தைக் கணிக்காதே என்று தடுத்து, சந்தை விலையை மட்டும் பஞ்சாங்கத்தில் எழுத விட்டது போன்றது இது. விதி பெறுமானத்தின் இயல்பைப் பார்க்கவில்லை. எழுத்தின் வடிவத்தையே பார்த்தது. 2004இன் எல்லைக்கோடு மாறாமைக்கும் மாற்றத்துக்கும் இடையே வரையப்பட்டதென்று கூறுவோர் இவ்வுண்மையைக் கருத வேண்டும். தொகுப்பானின் அன்றைய இயலாமை எங்கு முடிந்ததோ, கோடும் அங்கேயே வரையப்பட்டது.

மாற்றம் 2014 ஆகஸ்ட் 28இல் வெளியான 5.6ஆம் பதிப்புடன் வந்தது. அந்தனி ஃபெராரா முன்னர் தொடக்கிய முயற்சியைப் பொப் வைனன்ட் புதுப்பித்து முன்மொழிவாக்கி நிறைவேற்றினார். கூட்டல், பெருக்கல், எழுத்துச்சரங்களை இணைத்தல், இரும இடங்களை இணைத்தல், ஒப்பிடல், நிபந்தனைப்படி இரண்டிலொன்றைத் தேர்தல் ஆகிய யாவும் மாறிலி அறிவிப்பில் இடம்பெற்றன. அணிகளும் மாறிலியாகும் தகுதி பெற்றன. பையின் இருமடங்கை ஒரு வகுப்பு தன் மாறிலியாக்க விரும்பின், இலக்கங்களை எழுதாது 2 × பை என எழுதுதல் இம்மொழியில் அன்றே இயன்றது. தொழில்நுட்ப நோக்கில் நிகழ்ந்தது யாதெனில், கோவையை உடனே கட்டளையாக்காது, அதன் உறுப்புகளைக் கிளைகளாகக் கொண்ட மரமாகக் கட்டிச் சேமித்துவைக்கும் சிறிய பொறியமைப்பொன்று தொகுப்பானுள் நிறுவப்பட்டமையே. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளியான ஏழாம் பதிப்பு செய்நிரல் முழுவதையுமே முதலில் மரமாக்கிப் பின்னர் கட்டளையாக்கும் முறைக்கு மாறிற்று. எனவே, அம்மொழியில் மரமுறை முதன்முதலில் குடியேறிய இடம் மாறிலிகளின் வலப்புறமே. ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் தேவைப்பட்ட சிறு சீர்திருத்தம் முழுவீட்டையும் மாற்றியமைத்ததற்கு முன்னோடியாயிற்று.

தளர்வு புதிய வினாக்களையும் கொணர்ந்தது. பிற பெயர்களைச் சுட்டும் கோவையைத் தொகுக்கும்போதே கணித்துவிட முடியாது. அப்பெயர்கள் இன்னும் வாசிக்கப்படாத வேறு கோப்பில் இருக்கலாம். ஆகையால் மரம் காத்திருக்கும். அம்மாறிலி முதன்முறை தேவைப்படும்போது கணிக்கப்பட்டு, அதன்பின் நிலைபெறும். ஒரு மாறிலி தன்னையே சுட்டின், அல்லது இரண்டு ஒன்றையொன்று சுட்டின், அவ்வட்டம் கண்டறியப்பட்டு வழுவாக அறிவிக்கப்படும். பூச்சியத்தால் வகுக்கும் கோவையை மாறிலியாக எழுதியவருக்கு எட்டாம் பதிப்பில் அறிவிப்பு வரியில் எதுவும் நேராது. எவரேனும் அம்மாறிலியைத் தொடும் கணத்திலேயே வழு எழும். அறிவிப்பில் தவறிழைத்தவர் ஒருவர், அதன் பயனை அனுபவிப்பவர் வேறொருவர் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. பழைய விதி இத்தகைய வழுக்களுக்கு இடமே வைக்கவில்லை என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தளர்ந்தபின்னும் ஒரு கோடு அழியவில்லை. சார்பை அழைத்தல் இன்றும் வகுப்பு மாறிலிக்கு விலக்கப்பட்டதே. போர்ட்ரான் 77இல் தான்சனைத் தடுத்த அதே கோடு. ஆயின் இங்குக் காரணம் வேறு. எழுத்துச்சரத்தின் நீளத்தை அளக்கும் சார்பு தீங்கற்றது. எப்போது அழைத்தாலும் ஒரே விடை தரும். கோப்பொன்றைத் திறக்கும் சார்போ தரவுத்தளத்தை வினாவும் சார்போ அத்தகையதன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் பி.எச்.பி. மொழியில் இல்லை. அதனினும் மேலாக, மாறிலி முதன்முறை தொடப்படும் கணத்திலேயே கணிக்கப்படுவதால், அச்சார்பு எப்போது இயங்கும் என்பது வாசிப்போர்க்குத் தெரியாது. பெயரொன்றை உச்சரித்தவுடன் எங்கோ ஒரு கோப்பு திறக்கப்படுமாயின் அதை மாறிலி என அழைப்பதிற் பொருளில்லை. சி++ மொழி இதே சிக்கலை 2011இன் நியமத்தில் வேறுவிதமாய் அணுகிற்று. தொகுப்பு நேரத்தில் கணிக்கத்தக்கது என்னும் வாக்குறுதியைச் சார்பே தன் அறிவிப்பில் தரவேண்டும். அவ்வாக்குறுதியைத் தொகுப்பான் சோதித்து ஏற்கும். முதலில் ஒற்றை விடைவாக்கியம் உடைய சார்புகளே இத்தகுதி பெற்றன; 2014இல் மடக்குகளும் மாறிகளும் உடையனவும் பெற்றன. இத்தகைய உடன்படிக்கை பி.எச்.பி.யில் இல்லாதவரை, அங்குள்ள தடை நியாயமானதே. 2004இன் தடைக்கும் இதற்கும் பெயர் ஒன்றாயினும், முன்னது இயலாமையின் விளைவு; பின்னது தெரிந்து எடுத்த முடிவு.

பின்வந்த பதிப்புகள் அம்முடிவைச் சுற்றியே நடந்தன. 2016இன் 7.1ஆம் பதிப்பு மாறிலியை வகுப்புக்கு உள்ளேயே மறைத்துவைக்க இடமளித்தது. 2021இன் 8.1ஆம் பதிப்பு எண்ணீட்டு வகையைக் கொணர்ந்து, அதன் உறுப்பினரை மாறிலியின் பெறுமானமாக்க அனுமதித்தது. அதே பதிப்பு புதிய பொருளை ஆக்கும் கோவையைச் சார்பின் இயல்புநிலைப் பெறுமானம் முதலிய சில இடங்களில் ஏற்றது. வகுப்பு மாறிலியில் மட்டும் ஏற்க மறுத்தது. அங்கு அப்பொருள் எப்போது பிறக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாமையே காரணம். 2023இன் 8.3ஆம் பதிப்பு மாறிலிக்கு நிறைவெண், எழுத்துச்சரம் என வகை குறிக்கவும் வழிசெய்தது.

2025 நவம்பரில் வெளிவந்த 8.5ஆம் பதிப்பில் நிகழ்ந்தது சற்று விந்தையானது. பெயரற்ற சார்பொன்றை மாறிலிக் கோவையில் எழுதலாம் என்றாயிற்று. வெளியிலுள்ள எம்மாறியையும் அது பற்றிக்கொள்ளாதிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே உள்ள சார்பையும் பெயர்சுட்டி அங்கு வைக்கலாம். அவ்வாறு சுட்டும்போது சார்பின் பெயரையடுத்துப் பிறைக்கோடுகளும் அவற்றுள் மூன்று புள்ளிகளும் இடப்படும். முதற் பார்வைக்கு அது அழைப்புப் போலவே தோன்றும். அழைப்பன்று. எழுத்துச்சரத்தின் நீளத்தை அளக்கும் சார்பை ஒரு வகுப்பு தன் மாறிலியாக இப்போது வைத்திருக்கலாம். அதைக்கொண்டு ஒரு சொல்லின் நீளத்தை அளந்து, அந்த விடையை அடுத்த வரியில் மற்றொரு மாறிலியாக்க முயலின், 2004இல் பெருக்கற்குறிக்கு வழு கிடைத்தது போலவே இதற்கும் வழுவே கிடைக்கும்.